ஆறாம் மேஜைச் சத்தம்

பால் பொங்கும் நேரத்தில்தான் அது எனக்குத் தெரிந்தது. அடுப்பில் அரை லிட்டர் பால் வைத்துவிட்டு, பால்கனியில் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தேன். "பால் பொங்கப் போகுது, அங்க என்ன பண்றீங்க?" என்று மனசுக்குள் என் மனைவி சொன்னாள். அவள் போய் முப்பத்தாறு வருஷமாகிறது. முப்பத்தாறு வருஷமும் அவள் இப்படிச் சொல்வதும் நான் ஓடிப்போய் அடுப்பை அணைப்பதுமாகத்தான் காலை விடிகிறது. அன்றைக்கும் அணைத்தேன். அணைத்த கையோடு நின்றபோது, சொன்ன குரல் என்னுடையது என்று பட்டது. வார்த்தை அவளுடையது, கடைசியில் இழுக்கிற இழுப்பும் அவளுடையது. குரல் மட்டும் சளி கட்டிய என் எழுபத்தொன்பது வயதுக் குரல்.

உட்கார்ந்து, அவள் வழக்கமாகச் சொல்கிற மற்றவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். "குடையை எடுத்துக்கிட்டீங்களா?" என் குரல். "எண்ணி முடிச்சாச்சா, நான் பேசலாமா?" அதுவும் என் குரல். பதினொன்று வரை பார்த்தேன். பதினொன்றிலும் நான்தான் பேசினேன்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. "அம்மா குரல் எப்படி இருக்கும்னா" என்று சொல்ல இன்னொருவர் கிடையாது. செல்போன் என் வீட்டுக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே அவள் போய்விட்டாள். போட்டோ நாற்பத்திரண்டு இருக்கிறது. கும்பகோணத்தில் ஏழு வருஷம் பாட்டு கற்றுக்கொண்டவள் ஒரு கேசட்டில்கூடப் பாடி வைக்கவில்லை. அதற்குக் காரணமானவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்.

புனேயில், கோர்படி ரயில்வே காலனியை ஒட்டி நாங்கள் குடியிருந்தபோது பக்கத்து வீட்டில் ஒரு ஆங்கிலோ இந்தியர் இருந்தார். கூட்ஸ் வண்டியில் கார்டு வேலை. சனிக்கிழமை மட்டும் யாரிடமாவது டியூட்டியை மாற்றிக்கொண்டு, கேம்ப் பகுதியில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் இருந்த ஜாஸ் கிளப்பில் சாக்ஸபோன் வாசிப்பார். அவரிடம் ஒரு ஸ்பூல் டேப் ரிக்கார்டர் இருந்தது. புதிதாக வாங்கிய அன்று என் மனைவியைப் பேசச் சொல்லிப் பதிவு செய்து போட்டுக் காட்டினார். அவள் காதைப் பொத்திக்கொண்டாள். "இது யாரோ. நான் இப்படியா பேசறேன்?" என்றாள். அதற்குப் பிறகு எந்த மெஷின் பக்கத்திலும் வாயைத் திறக்க மாட்டாள்.

அதே மெஷின்தான் பிறகு மூன்று வருஷம் அந்தக் கிளப்பில் எங்கள் மேஜைமேல் உட்கார்ந்திருந்தது.

ராணுவக் கணக்கு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த ஒருவனும் கும்பகோணத்துப் பெண்ணும் ஜாஸ் கிளப்பில் என்ன செய்தார்கள் என்று கேட்கலாம். எலுமிச்சை சோடா குடித்தோம். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு நாள் கூப்பிட்டார் என்று மரியாதைக்குப் போனோம். எனக்கு அந்தச் சத்தம் தலைவலியாக இருந்தது. அவளுக்கு ஒரே வாரத்தில் பிடித்துப்போயிற்று. அடுத்த சனிக்கிழமை நாலு மணிக்கே தலை வாரிக்கொண்டு நின்றாள்.

பக்கத்து வீட்டுக்காரர் தன் வாசிப்பைப் பதிவு செய்து ஞாயிற்றுக்கிழமை போட்டுக் கேட்டு, எங்கே சறுக்கினோம் என்று பார்க்கிறவர். ஆனால் கிளப்பில் எந்த மேஜையில் மெஷினை வைத்தாலும் யாராவது பீரைக் கொட்டிவிடுவார்கள். மொத்தம் பதினான்கு மேஜை. பதின்மூன்றிலும் வைத்துப் பார்த்துவிட்டு எங்கள் ஆறாம் மேஜைக்கு வந்தார். "இந்த ஹாலிலேயே நிதானத்தில் இருக்கிறவர்கள் நீங்கள் இரண்டு பேர்தான்" என்று இந்தியில் சொல்லி, மைக்கை என் மனைவியின் தம்ளர் பக்கத்தில் நிறுத்தினார். அவள் உடனே வாயை மூடிக்கொண்டாள்.

ஆனால் நான் ஏதாவது கேட்டால் பதில் சொல்லித்தானே ஆக வேண்டும்? நான் ஒன்றும் கேட்காமல் இருக்கிற ஆள் இல்லை. பால் பொங்கிய அந்தக் காலையில் எனக்கு இருந்த ஒரே நம்பிக்கை அதுதான்.

கிளப் மூடி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. பேக்கரியும் போய், அங்கே இப்போது செருப்புக் கடை. மாடிப்படியைத் தகரம் வைத்து அடைத்திருக்கிறார்கள். சாக்ஸபோன்காரர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போய், அங்கேயே இறந்தும் போனார். போகும்போது வீட்டுச் சாமான்களையெல்லாம் பழைய சாமான் வாங்குகிறவனுக்குக் கொடுத்துவிட்டுப் போனதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். கைவண்டி நான்கு தடவை வந்தது. இந்த ஊரில் அப்படிப் போனது எதுவானாலும் என்றைக்காவது ஜூனா பஜாரில் தலைகாட்டும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் ரோட்டோரத்தில் தார்ப்பாய் விரித்து, ஓடாத கடிகாரம், மூடியில்லாத கூஜா, பித்தளைக் குழாய் என்று பரப்பி வைத்திருப்பார்கள். போக ஆரம்பித்தேன்.

ஜாஸ் கிளப் சாமான் என்று கேட்டால் அங்கே யாருக்குத் தெரியும்? பேக்கரி மாடி என்று அடையாளம் சொன்னேன். ஒருவன் கிராமபோன் குழாயைக் காட்டினான். இன்னொருவன் ரொட்டி வெட்டுகிற கத்தியைக் காட்டினான். மழைக்காலம் முழுக்க இப்படிப் போயிற்று. முழங்கால் வலி, ஆட்டோ கிடைக்காத கவலை, கிடைத்தால் அவன் எந்த வழியாகக் கொண்டுபோவானோ என்கிற கவலை. வீட்டுக்கு வந்து, போனேன் வந்தேன் என்று சொல்ல ஆளில்லாமல், ஈரச் சாக்ஸை ஜன்னலில் போடுவேன். ரயில் போகும். பெட்டிகளை எண்ணிவிட்டுச் சாப்பிடுவேன்.

பித்தளைச் சாமான் விற்கிற ஒரு தாடிக்காரர் மட்டும் என்னைத் தெரிந்துவைத்துக்கொண்டார். தெற்கத்திக்காரர்கள் எல்லாருமே அவருக்கு அண்ணாதான், எழுபது வயதானாலும். அவர் இந்தியில் பேசியதைத் தமிழில் சொல்கிறேன்.

"வாங்க அண்ணா. இன்னிக்காவது ஏதாவது வாங்குவீங்களா, இல்ல எண்ணிட்டுப் போயிடுவீங்களா?"

"நான் எண்ணினேன்னு யார் சொன்னா?"

"போன வாரம் என் குத்துவிளக்கையெல்லாம் எண்ணினீங்க. உதடு அசைஞ்சுது. பத்தொம்போதுதானே?"

"பதினெட்டு."

"அப்ப ஒண்ணு திருடு போயிடுச்சு" என்று சிரித்துவிட்டு, சாக்குக்குள் கையைவிட்டு ஒரு பித்தளை வில்லையை எடுத்துப் போட்டார். உள்ளங்கை அகலம். நடுவில் ஆறு என்ற எண் வெட்டியிருந்தது. கிளப்பில் மேஜைக்கு மேஜை ஆணி அடித்து வைத்திருந்த வில்லை அதேதான். கையில் எடுத்துத் திருப்பினேன். அப்புறம்தான் கவனித்தேன், மேலே ஒரு ஓட்டை, கீழே ஒரு ஓட்டை.

"இது ஒன்பதாகவும் இருக்கலாமே?"

"ஆறு வேணும்னா இப்படி மாட்டுங்க, ஒம்போது வேணும்னா அப்படி மாட்டுங்க. ஒரே விலைதான், அண்ணா."

வாங்கிக்கொண்டேன். இந்த வில்லை வந்த இடத்திலிருந்து ஸ்பூல் டேப் ஏதாவது வந்ததா என்று கேட்டேன். தலையைச் சொறிந்தார்.

"ஒரு பெட்டி நிறைய வந்துச்சு. அதெல்லாம் உங்க மேடம் எடுத்துட்டுப் போயிட்டாங்களே."

"எங்க மேடமா?"

"மதராஸி மேடம்தான். கராடியில கம்ப்யூட்டர் வேலை. ஸ்பூல் வந்தா வேற யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு நம்பர் குடுத்துட்டுப் போயிருக்காங்க. பேசுறீங்களா?" என்றவர், நான் பதில் சொல்வதற்குள் தன் போனில் நம்பரைப் போட்டு என் காதில் வைத்துவிட்டார்.

கராடியில் அந்த அம்மாள் இருக்கிற கட்டடம் இருபத்திரண்டு மாடி. வாசலில் செக்யூரிட்டி என்னைப் போட்டோ எடுத்து, அதை அவளுடைய போனுக்கு அனுப்பி, அவள் சரி என்றதும்தான் உள்ளே விட்டான். அந்தப் போட்டோவில் நான் எப்படி விழுந்திருப்பேனோ என்ற கவலையிலேயே பதினோராவது மாடிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

கோயம்புத்தூர்ப் பெண். நாற்பது வயது இருக்கும். வாரம் முழுக்க சாஃப்ட்வேர் கம்பெனி, சனி ஞாயிறு இந்தப் பழைய டேப்புகள். சின்ன அறையில் ஸ்பூல் ஓட்டுகிற மெஷின் இரண்டும், கம்ப்யூட்டரும், அலமாரி நிறையப் பெட்டிகளும் இருந்தன. எனக்கு நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்தாள்.

"நீங்க அந்த கிளப்புல வாசிச்சீங்களாங்க சார்?"

"இல்லம்மா. எலுமிச்சை சோடா குடிச்சேன்."

சிரித்தாள். "நல்லதுங்க. குடிச்சவங்க சோடா குடிச்சேன்னு சொல்வாங்க, நீங்க உண்மையிலேயே சோடா போலிருக்கு." பெட்டியில் இருந்தது பதினேழு ஸ்பூல் என்றும், பூஞ்சை பிடித்துப்போய் ஐந்துதான் ஓடியது என்றும் சொல்லிக்கொண்டே கம்ப்யூட்டரில் ஒன்றைத் தட்டிவிட்டாள்.

சாக்ஸபோன் வந்தது. என் பக்கத்து வீட்டுக்காரர் எனக்கு ஓர் அடி தூரத்தில் நின்று ஊதுவதுபோல் அவ்வளவு துல்லியம். பின்னால் பியானோ, டிரம்ஸ். வேறு ஒரு சத்தம் இல்லை. நாற்காலி நகரவில்லை, தம்ளர் இடிக்கவில்லை, ஒருவர்கூட இருமவில்லை. ஹாலில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து போன பிறகு இவர்கள் மட்டும் இருந்து வாசித்த மாதிரி இருந்தது.

"கூட்டத்துச் சத்தமெல்லாம் எங்கேம்மா?"

"எடுத்துட்டேன் சார்." முகத்தில் பெருமை. "இந்த டேப்பை சுத்தம் பண்றதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சுங்க. மைக்குக்குப் பக்கத்துலயே யாரோ ஒரு மனுஷன். வாயே மூடல. பஸ் போயிடும், மழை வரும், கதவைப் பூட்டினியா, சோடாவுக்கு எவ்வளவு போட்டிருக்கான்னு, பாட்டு நடக்க நடக்கப் பேசிட்டே இருக்காருங்க. அதுவும் தமிழ்ல! புனேல ஜாஸ் கிளப்புல எவன்டா இந்த..."

நிறுத்திவிட்டாள். என்னைப் பார்த்தாள்.

"சார்?"

"நான்தான்" என்றேன்.

கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு இரண்டு பேரும் சிரித்தோம். நான் முதலில் நிறுத்தினேன். எதற்காக வந்தேன் என்பதை அப்போது சொன்னேன். பால் விஷயத்தையும் சொன்னேன். அவள் சிரித்த முகத்தை என்ன செய்வது என்று தெரியாமல் திரும்பி, மெஷின் மேல் இருந்த துணியைச் சரிசெய்தாள்.

"ஒரிஜினலை ஒரு தடவை போட முடியுமா?" என்று கேட்டேன்.

"முடியாதுங்க சார். ஒரு தடவை ஓட்டினதுமே மேல இருந்த பூச்சு எல்லாம் பொடியா உதிர்ந்துடுச்சு. வெறும் பிளாஸ்டிக்தான் மிச்சம்." தயங்கினாள். "ஏத்தின காப்பியும் இல்லைங்க. டிஸ்க் நிறைஞ்சுடும்னு, சுத்தம் பண்ணி முடிச்சதும் அழிச்சுடுவேன்."

நான் அலமாரியில் இருந்த பெட்டிகளை எண்ண ஆரம்பித்தேன். நாற்பதைத் தாண்டியதும் கணக்கு விட்டுப்போயிற்று. ஆட்டோ கிடைக்க எவ்வளவு நேரமாகுமோ என்று நினைத்து எழுந்தேன். அவள்தான் எதையாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னாள்.

"உங்க பேச்சுகூடப் பரவாயில்ல சார். ஒரு டிக்கு சத்தம் இருந்துச்சு பாருங்க, அதுதான் என் உயிரை வாங்கிருச்சு. ரீல் எங்கயோ இடிக்குதுன்னு மெஷினையே பிரிச்சுப் பார்த்தேன். ஆனா ரீல் இடிச்சா சீரா இடிக்கணுமில்லங்க? இது ஒரு டிக்கு, அப்புறம் ஒரு இடைவெளி, இன்னொரு டிக்கு, உடனே இன்னொண்ணு. திரும்ப முதல்ல இருந்து. பாட்டு முடியற வரைக்கும் அதேதான்." பேனாவால் மேஜையில் தட்டிக் காட்டினாள்.

மறுபடி தட்டச் சொன்னேன். தட்டினாள். மூன்றாவது சுற்றில் என் வலது கை தானாகவே தொடைக்குப் போயிற்று. ஒரு தட்டு. சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். ஒரு தட்டு, கையைத் திருப்பு. ஒரு தட்டு, திருப்பு. விரல் விடும்போதும் கையைத் திருப்பும்போதும் சத்தம் வராது. தட்டுகிற மூன்று இடத்தில்தான் வரும். எனக்குப் பாட்டு வராது. ஆதி தாளம் மட்டும் தெரியும், தினமும் என் மனைவி பாடும்போது எதிரில் உட்கார்ந்து பார்த்தவன்.

"அது ரீல் இல்லம்மா. வளையல். கண்ணாடி வளையல், கைக்கு ஆறு. மேஜை விளிம்புல தாளம் போட்டிருக்கா."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். அமெரிக்கா பக்கத்துச் சங்கீதம், ஆங்கிலோ இந்தியர் சாக்ஸபோன், அதற்கு ஒரு கும்பகோணத்துக்காரி ஆதி தாளம் போட்டிருக்கிறாள் என்று அவளுக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. அப்புறம் சட்டென்று கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, எதையோ தேட ஆரம்பித்தாள்.

"சார், ஒண்ணு இருக்குங்க. எடுத்துப் போடற சத்தத்தைத் தனியா ஒரு ஃபைலா சேர்த்து வைப்பேன். பாட்டையும் சேர்த்து எடுத்துட்டேனான்னு செக் பண்றதுக்கு. செக் பண்ணதும் அதையும் அழிச்சுடுவேன். கடைசி டேப்புக்கு மட்டும் இன்னும் செக் பண்ணல." கண்டுபிடித்துவிட்டு நிமிர்ந்தாள். "ஃபைலுக்குக் குப்பைன்னு பேர் வச்சிருக்கேன். தப்பா எடுத்துக்காதீங்க."

அங்கேயே கேட்கிறீர்களா என்றாள். வேண்டாம் என்றேன். என் போனில் ஏற்றிக் கொடுத்தாள். லிஃப்ட் வரை வந்து, "பேரை மாத்திட்டுக் குடுக்கட்டுங்களா சார்?" என்று கேட்டாள். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். பேரை மாற்றப் போய் ஃபைலே போய்விட்டால் என்ன செய்வது?

வீட்டுக்கு வந்து, கைகால் கழுவி, சாப்பாட்டு மேஜையில் போனை வைத்தேன். பக்கத்தில் பித்தளை வில்லை, ஆறாக. என் மனைவி உட்கார்கிற நாற்காலியில் மடித்துப் போட்டிருந்த துணிகளை எடுத்துக் கட்டிலில் போட்டேன். ஏன் என்று தெரியாது.

நாற்பத்தேழு நிமிஷம் ஓடுகிற ஃபைல். முதலில் தண்ணீருக்குள்ளிருந்து கேட்பதுபோல் இரைச்சல். பிறகு நாற்காலி இழுபடுகிறது. தம்ளர். யாரோ மராத்தியில் சிரிக்கிறார்கள். பாட்டு நடந்த இடங்களிலெல்லாம் பாட்டு இல்லை, ஒரு பள்ளம் மாதிரி இருக்கிறது. அந்தப் பள்ளத்துக்குள் டிக், இடைவெளி, டிக், டிக். நடுநடுவே நான். இருபத்தேழு வயதில் எனக்கு இவ்வளவு கணீரென்ற குரல் இருந்தது என்று இப்போதுதான் தெரிகிறது. "கதவைப் பூட்டினியா?" பதில் இல்லை, தலையாட்டியிருப்பாள். "மழை வரும்போல இருக்கே?" பதில் இல்லை. பன்னிரண்டு தடவை கேட்கிறேன். பன்னிரண்டுக்கும் பதில் இல்லை. மெஷின் பக்கத்தில் பேசமாட்டாள் என்று எனக்குத் தெரியாதா? அந்தக் காலத்தில் எனக்கு இருந்த கவலையெல்லாம் வெட்டவெளிச்சமாகக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நாற்பதாவது நிமிஷத்துக்கு மேல் நான் கேட்கிறேன், "போலாமா? கடைசி பஸ் போயிடும்."

"இருங்க. இன்னும் ஒண்ணு."

நிறுத்தினேன். பின்னால் தள்ளி மறுபடி போட்டேன். இருங்க, இன்னும் ஒண்ணு. மெல்லிய, அவசரமான, கொஞ்சம் கீச்சென்ற குரல். ஏதோ சின்னப் பெண். ஒன்பது தடவை கேட்டேன். ஒன்பது தடவையும் எனக்கு அந்தக் குரலைத் தெரியவில்லை. இது யாரோ என்று தோன்றியது. பக்கத்து மேஜையில் இன்னொரு தமிழ்க் குடும்பம் உட்கார்ந்திருந்ததா என்றுகூட யோசித்தேன். யாரும் இல்லை. அவளுக்கு அப்போது இருபத்துநாலு வயது. நான் தேடிக்கொண்டிருந்தது நாற்பது வயதில் போனவளின் குரலை என்பது அதுவரை எனக்கு உறைக்கவே இல்லை.

பத்தாவது தடவை நிறுத்தாமல் விட்டுவிட்டேன். இன்னும் ஒண்ணு என்று அவள் கேட்டபடியே இன்னும் ஒரு பாட்டு வாசித்திருக்கிறார்கள். பாட்டு இல்லாத அந்தப் பள்ளம் வந்தது. அதற்குள் வளையல் சத்தம் ஆரம்பித்தது. அது அவள்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

காலையில் பால் பொங்கும்போது சொல்கிற குரல் இப்போதும் என்னுடையதுதான். அந்தச் சின்னப் பெண்ணின் குரலைப் பொருத்திப் பார்த்தேன், உட்காரவில்லை. கோயம்புத்தூர்ப் பெண் இரண்டு தடவை போன் செய்து, கேட்டீங்களா சார், இருந்துச்சுங்களா என்று விசாரித்தாள். இருந்தது என்று சொன்னேன். அதற்குமேல் அவளிடம் எப்படிச் சொல்வது?

சாயங்காலம் விளக்கு போட்டதும் அந்தக் கடைசி ஆறு நிமிஷத்தை மட்டும் போடுகிறேன். நான் போலாமா என்கிறேன், அவள் இருங்க என்கிறாள். பிறகு நானும் பேசுவதில்லை. வலது கையை மேஜை விளிம்பில் வைத்துக்கொள்கிறேன். எட்டில் மூன்று இடத்தில் அவள் தட்டுகிறாள். மிச்சம் ஐந்தை நான் விரல்விட்டு எண்ணிக்கொள்கிறேன்.